சுவடி காத்த குடியில் தோன்றிய செம்மல்: அயோத்திதாசப் பண்டிதர்

தமிழைக் காத்தவர் யாவர் என்று நம் மாணவரைக் கேட்டால், சங்கம் வளர்த்த பாண்டியரைச் சொல்வர், மடங்களைச் சொல்வர், ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய பதிப்பாசிரியர்களைச் சொல்வர். அவை யாவும் உண்மையே. ஆயினும், கூரை வீட்டு எரவாணத்தில் ஓலைச்சுவடியைச் செருகி வைத்து, கரையானுக்கும் தீக்கும் தப்புவித்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்த எளிய குடிகளை எவரும் சொல்வதில்லை. அக்குடிகளின் பெயர் எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. காத்தவர் ஒருவராகவும் பெயர் பெற்றவர் மற்றொருவராகவும் அமைந்துவிட்ட இந்நிலையை மாற்ற ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவரே அயோத்திதாசப் பண்டிதர். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெருமகனாரின் வரலாற்றை இளைஞர்க்கு எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

கந்தப்பனார் வீட்டுச் சுவடி

பண்டிதரின் வரலாற்றை அவருடைய பாட்டனாரிடமிருந்து தொடங்குதல் வேண்டும். பாட்டனார் பெயர் கந்தப்பன். சென்னையில் ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராகப் பணி செய்தவர். துரைமார் வீட்டில் சமையற்கட்டையும் மேசையையும் மேற்பார்த்தல் பட்லரின் வேலை. ஆனால் கந்தப்பனார் வீட்டில் திருக்குறளும் நாலடி நானூறும் எழுதப்பெற்ற ஓலைச்சுவடிகள் இருந்தன. அவற்றை அவர் தம் துரையிடம் காட்டினார். துரை அவற்றைத் தமிழார்வம் மிக்க எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார். இச்செய்தியைப் பிற்காலத்தில் பேரர் அயோத்திதாசர் தம் இதழில் எழுதி வைத்தார்.

எல்லிஸ் துரை 1796ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, 1810 முதல் சென்னை ஆட்சியராக இருந்தவர். சென்னைக் கோட்டைக் கல்லூரியை 1812இல் நிறுவுவதில் முதன்மையானவர். தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்னரே, 1816இல், எழுதிக் காட்டியவரும் அவரே. திருக்குறள் மூலம் முதன்முதலாக 1812இல் சென்னையில் அச்சேறியது. அதனை அச்சிற் பதிப்பித்தவர் நம் தஞ்சை நகரத்து மலையப்பபிள்ளை குமாரர் ஞானப்பிரகாசன் என்று அப்பதிப்பின் முகப்பு தெரிவிக்கிறது. நாலடியாரும் அதனுடன் சேர்ந்தே வந்தது. முகப்பில் பதிப்பித்தவர் பெயர் உண்டு. அச்சுக்கூடத்தின் பெயர் உண்டு. பட்லர் கந்தப்பன் பெயரோ இல்லை.

திருக்குறள் ஏடு கந்தப்பனார் வீட்டில் மட்டுமே இருந்தது என்று நாம் கூற வரவில்லை. மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் ஏடுகள் இருந்தன. வீரமாமுனிவர் அதற்கு முன்பே குறளின் இரு பால்களை இலத்தீன் மொழியில் பெயர்த்துள்ளார். தீண்டத்தகாதார் என்று ஊராரால் ஒதுக்கப்பட்ட ஒருவர் வீட்டிலும் அவ்வேடு இருந்தது என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது. பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். பழைய ஓலை நைந்து போகும் முன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினால்தான் நூல் பிழைக்கும். ஆகவே ஒரு வீட்டில் ஏடு இருந்தது என்றால், அவ்வீட்டில் எழுத்தறிந்த கைகளும், நூலின் அருமை அறிந்த நெஞ்சங்களும் வழிவழியாக இருந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில்தான் தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பட்டுக்கோட்டையை அடுத்த சரபேந்திரராசன்பட்டினத்துக் கடற்கரையில் நாம் காணும் மனோராவை எழுப்பியவரும் அவரே. மன்னர் சேர்த்த சுவடிகள் அரண்மனைச் சுவருக்குள் இன்றும் வாழ்கின்றன. கூரை வீடுகளில் இருந்த சுவடிகளைச் சேர்க்க எவரும் வரவில்லை. அவற்றுள் எத்தனை மழையிலும் தீயிலும் அழிந்தன என்று கணக்கிடவும் வழியில்லை.

காத்தவராயன் அயோத்திதாசர் ஆனது

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பெயர் கந்தசாமி. பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன் என்பது. தந்தையாரின் பணி காரணமாகக் குடும்பம் நீலகிரிக்குச் சென்றமையால் அவர் இளமை பெரும்பாலும் மலைநாட்டில் கழிந்தது.

வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராச பண்டிதர் என்னும் ஆசிரியரிடம் அவர் தமிழ் இலக்கிய இலக்கணங்களையும் சித்த மருத்துவத்தையும் மெய்ப்பொருள் நூல்களையும் கற்றார். ஆசிரியர்பால் கொண்ட பேரன்பினால் தம் பெயரையே மாற்றி ஆசிரியர் பெயரைத் தாங்கிக் கொண்டார். காத்தவராயன் அயோத்திதாசர் ஆனது இவ்வாறுதான். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் அவர் பயின்றார்.

இளைஞர்கள் இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். அந்நாளில் நம்மவர்க்கு ஊர்த் திண்ணைப் பள்ளியில் இடமில்லை. அவ்வாறாயின் பண்டிதர்க்குக் கற்பித்த ஆசிரியர் எங்கே கற்றார்? அவருக்குக் கற்பித்தவர் யார்? ஒடுக்கப்பட்ட மக்களிடையே மருத்துவரும் சோதிடரும் புலவரும் தமக்குள்ளேயே கல்வி மரபொன்றை நடத்தி வந்தனர் என்பதற்கு அயோத்திதாசரின் வாழ்வே சான்றாகிறது.

மருத்துவராகவும் அவர் புகழ் பெற்றார். தமிழ்த் தென்றல் திரு.வி.க. சிறுவராயிருந்தபோது கைகால் முடங்கி வருந்தினார். அவருக்கு மருந்தளித்துக் குணப்படுத்தியவர் அயோத்திதாசரே. திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இதனை நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

நீலமலையில்

நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், 1870ஆம் ஆண்டை ஒட்டி, அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை அவர் நிறுவினார். தோடர் முதலிய மலைமக்களையும் ஒன்றுசேர்க்க முயன்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

நீலமலை மொழிகளின் களஞ்சியம். தோடம், கோத்தம், படகம், குறும்பர் மொழிகள், இருளம் என்று ஒரே மலையில் பல மொழிகள் வழங்குகின்றன. அவற்றுள் தோடத்தையும் கோத்தத்தையும் பேசுவோர் மிகச் சிலரே. தோடர் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூற்றுவர். கோத்தர் ஆயிரவர் அளவினர். இவ்விரு மொழிகளையும் கடும் அழிவுநிலையில் உள்ளவையாக யுனெசுகோ நிறுவனம் பட்டியலிட்டுள்ளது. இவற்றிற்கெனப் பழைய எழுத்து இல்லை. பேசுவோர் நாவே ஏடு.

எமனோ என்னும் மொழியறிஞர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி இம்மொழிகளை ஆராய்ந்தார். அவர் வெளியிட்ட கோத்த மொழிக் கதைத் தொகுதிகள் 1944 முதல் 1946 வரையிலும், தோடர் பாடல் தொகுதி 1971இலும் வெளிவந்தன. கோத்தக் கதைகள் அனைத்தையும் அவருக்குச் சொல்லி எழுதச் செய்தவர் சுள்ளி என்னும் கோத்தர். உலகம் எமனோவை அறியும்; அறிந்து போற்றுதல் முறையே. சுள்ளியை அறிந்தவர் எத்தனை பேர்? எல்லிஸ் துரையின் பின்னே கந்தப்பனார் மறைந்தது போலவே, எமனோவின் பின்னே சுள்ளியும் மறைந்து நிற்கிறார். எமனோவாவது தம் நூலில் சுள்ளியின் பெயரைச் சொன்னார். கந்தப்பனார்க்கு அந்த அளவு நீதியும் கிட்டவில்லை. பேரர் வந்து எழுதும் வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏட்டில் எழுதும் பெயர்

ஒரு மக்களின் சொல் யார் பெயரால் எழுதப்படுகிறது என்பதைப் போலவே, அம்மக்கள் எந்தப் பெயரால் எழுதப்படுகிறார்கள் என்பதும் நீதியைச் சார்ந்த கேள்வியே. இதனை முதன்முதலாக உணர்ந்தவர்களுள் பண்டிதர் ஒருவர். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, பிறர் இட்ட இழிபெயரால் தம் மக்களைப் பதியலாகாது, ஆதித் தமிழர் என்றே பதிதல் வேண்டும் என்று அவர் அரசை வேண்டினார். பின்னாளில் சாதிபேதமற்ற திராவிடர் என்னும் தொடரையும் பூர்வ பௌத்தர் என்னும் தொடரையும் தம் எழுத்தில் ஓயாது வழங்கினார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டியும், தம்மைப் பின்பற்றுவோர் பௌத்தர் என்றே பதிவு செய்துகொள்ளுமாறு வற்புறுத்தினார்.

திராவிடர், தமிழர் என்னும் சொற்களை அரசியற் பெயர்களாக வழங்கியோருள் அவர் முன்னவர். அருள்திரு ஜான் இரத்தினம் அவர்களுடன் இணைந்து 1885இல் திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாசன சபையைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு டிசம்பர் திங்கள் முதல் நாள் அச்சபையின் முதல் மாநாடு நீலகிரியில் கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. இழிபெயர் சொல்லி மக்களை அவமதிப்போரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளும் மெட்ரிகுலேசன் வகுப்புக்கு உதவித்தொகையும் வேண்டும். கற்றவர்க்கு அரசுப் பணி வேண்டும். மாவட்ட, நகராட்சி மன்றங்களில் இடம் வேண்டும் என்பன அவற்றுட் சில. இவை கேட்கப்பட்ட ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார் என்பதை நினைத்தால் பண்டிதரின் முன்னோக்கு விளங்கும்.

1892இல் சென்னை மகாசன சபை கூட்டிய மாநாட்டிற்கு நீலகிரியின் சார்பாளராக அவர் சென்றார். ஆங்கே நம் மக்களுக்குக் கோயிலில் நுழையும் உரிமையைக் கேட்டார். அவையில் எதிர்ப்பு எழுந்தது. அத்துடன் அவர் அமர்ந்துவிடவில்லை. நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், தரிசு நிலமும் எம் மக்களுக்கு வேண்டும் என்று அடுத்த கோரிக்கையை வைத்தார். நம் சங்கம் மாலைப் பள்ளிக்கு நாற்காலியும் விளக்கும் சேர்ப்பது, அன்று தொடங்கிய அந்த வழக்கின் தொடர்ச்சியே.

பௌத்தமும் பள்ளியும்

ஆல்காட்டுத் துரை 1894இல் அடையாற்றில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார்; பின்னர் அத்தகைய பள்ளிகள் ஐந்தாயின. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. பண்டிதர் அம்முயற்சிக்குத் துணை நின்றார். 1898இல் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்று, கொழும்பு வித்தியோதயப் பிரிவெனாவின் தலைவர் சுமங்கல மகாதேரரைக் கண்டு பௌத்தத்தைத் தழுவினார். பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருட்டிணசாமி என்பவரும் அவருடன் சென்று பௌத்தரானார். திரும்பி வந்ததும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

அதே 1898ஆம் ஆண்டில்தான் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சேற்றினார். தமிழில் எஞ்சி நின்ற பௌத்த காப்பியம் அச்சில் உலவத் தொடங்கிய ஆண்டும், தமிழ் மண்ணில் பௌத்த சங்கம் மீண்டும் எழுந்த ஆண்டும் ஒன்றாய் அமைந்தன. பண்டிதர் தம் ஆராய்ச்சிக்கு மணிமேகலையையும் சீவக சிந்தாமணியையும் நிகண்டுகளையும் பெரிதும் எடுத்தாண்டார். ஆசிரியர் வழி வந்த சுவடிகளையும் பயன்படுத்தினார். அவர் மேற்கோள் காட்டிய நூல்களுள் சில இன்று நமக்குக் கிடைக்கவில்லை. காப்பாற்றுவோர் இன்றிச் சுவடி அழிந்தால் சான்றும் அழியும் என்பதற்கு அவர் எழுத்தே எடுத்துக்காட்டாகிவிட்டது.

ஒரு பைசாத் தமிழன்

பண்டிதரின் பணிகளுள் தலையாயது அவர் நடத்திய வார இதழ். 1907ஆம் ஆண்டு சூன் திங்கள் 19ஆம் நாள், புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. விலையே பெயராயிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் முதல் தமிழன் என்று பெயர் சுருங்கியது. 1914இல் அவர் மறையும் வரை, ஏழாண்டுக் காலம் அவ்விதழ் புதன்தோறும் வெளிவந்தது.

அதனை வாங்கிப் படித்தவர் யாவர்? கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கிப் பொன் வெட்டிய தொழிலாளர். இரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கச் சென்ற தமிழர். சிற்றூர்களில் ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்டவர். தங்கவயல் உழைப்பாளர் தம் வியர்வைக் காசால் இதழுக்கும் நூல் வெளியீட்டிற்கும் துணை நின்றனர். பெருஞ்செல்வர் ஆதரவில் நின்ற இதழன்று அது.

இவ்விதழில்தான் இந்திரர் தேச சரித்திரம், புத்தரது ஆதிவேதம் முதலிய ஆக்கங்கள் தொடராக வந்தன. திருக்குறளுக்கும் ஔவையார் நீதிநூல்களுக்கும் உரை எழுதினார். பாட்டனார் ஏடு தந்த செய்தியையும் இதிலேதான் பதிவு செய்தார். ஏட்டில் இருந்தது அச்சில் சில இடங்களில் மாறிப்போயிற்று என்ற தம் கருத்தையும் அஞ்சாமல் வெளியிட்டார். பாட்டனார் ஏட்டைப் பிறர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. பேரரோ தம் சொல்லைத் தம் அச்சிலேயே ஏற்றினார். இரண்டு தலைமுறையில் நேர்ந்த இம்மாற்றமே பண்டிதர் வாழ்வின் சாரம் என்று நாம் கருதுகிறோம்.

வாய்மொழியைச் சான்றாக்கியவர்

மக்கள் வழங்கும் வழக்காறுகளை வரலாற்றுச் சான்றாகக் கொண்டமை பண்டிதரின் தனிச் சிறப்பு. தீபாவளியை எள்ளெண்ணெய் கண்ட நாளின் நினைவாகவும், கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கெண்ணெய் கண்ட நாளின் நினைவாகவும் அவர் விளக்கினார். பண்டிகை, சடங்கு, பழமொழி, ஊர்ப்பெயர் ஆகிய எல்லாவற்றிலும் மறைக்கப்பட்ட பௌத்த வரலாற்றின் தடத்தைத் தேடினார். ஏட்டில் எழுதப்படாதவை மக்கள் நாவில் எழுதப்பட்டுள்ளன என்பது அவர் துணிபு.

அவர் கூறிய சொற்பிறப்புகள் அனைத்தையும் இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. வேறு சில ஒடுக்கப்பட்ட குடிகளைத் தாழ்த்திச் சொல்லும் இடங்களும் அவர் எழுத்தில் உண்டு. அவற்றை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. பெரியோரைப் போற்றுவதும் அவர் கூற்றைச் சீர்தூக்குவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவர் காட்டிய வழியில், அவர் விட்டுவிட்ட மக்களையும் சேர்த்துக்கொண்டு நடப்பதே உண்மையான வழிபாடு.

மறைவும் மறதியும்

1914ஆம் ஆண்டு மே திங்கள் 5ஆம் நாள், தம் 69ஆம் அகவையில் பண்டிதர் மறைந்தார். அவர் மகனார் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் 1926 முதல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் தமிழனை மீண்டும் உயிர்ப்பித்துச் சில ஆண்டுகள் நடத்தினார். அதன்பின் நெடுங்கால மறதி சூழ்ந்தது.

சுவடிகளுக்கு நேர்ந்த கதியே அவர் எழுத்துக்கும் நேர இருந்தது. மலிவுத் தாளில் அச்சான வார இதழ் எத்தனை ஆண்டு தாங்கும்? பெரிய நூலகங்கள் அதனைப் போற்றிச் சேர்க்கவில்லை. பௌத்தக் குடும்பங்களும், அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலரும் பழைய இதழ்களைப் பெட்டிகளில் வைத்துக் காத்தனர். அவற்றைத் திரட்டி ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் இரு தொகுதிகளாக 1999இல், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பெற்றது. மூன்றாம் தொகுதி 2003இல் வந்தது. மறைந்து 85 ஆண்டுகளுக்குப் பிறகே தமிழுலகம் பண்டிதரை முழுமையாகப் படிக்கத் தொடங்கியது.

அதன்பின் சிறப்புகள் தொடர்ந்தன. 2005இல் நடுவணரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்குகிறது. 2023 டிசம்பர் முதல் நாள் சென்னை கிண்டியில் அவர் சிலையும் மணிமண்டபமும் திறக்கப்பெற்றன. கல்லும் அஞ்சல்தலையும் வருவதற்கு முன், பெட்டியைத் திறந்து பழந்தாளைத் தூசு தட்டிக் காத்த எளிய கைகள் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

நமக்குள்ள கடமை

இனி நம் ஊர் நிலையை எண்ணிப் பார்ப்போம். உலகெங்கும் சிறு மொழிகள் அழிகின்றன. அந்தமானில் போ என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். அவரோடு அம்மொழியும் மறைந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2022 முதல் 2032 வரையிலான பத்தாண்டைத் தொல்குடி மொழிகளுக்கென ஒதுக்கியுள்ளது. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு அத்தகைய அச்சமில்லை என்று நாம் அமைதி கொள்கிறோம். ஆனால் தமிழுக்குள் இருக்கும் நம் தமிழுக்கு அந்த அச்சம் உண்டு.

நாற்றங்கால் விடுவதிலிருந்து கண்டுமுதல் காணும் வரை வயலில் வழங்கிய சொற்களை நம் பாட்டனாரும் பாட்டியாரும் அறிவர். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, பறையின் அடிவகைகளுக்குரிய பெயர்கள், பச்சிலைகளின் பெயர்கள், பதக்கும் குறுணியும் மரக்காலுமாகக் கூலி அளந்த கணக்கு ஆகிய யாவும் அவர்கள் நாவில் உள்ளன. நடவு இயந்திரம் வந்தபின் நடவுப் பாட்டுக்கு இடமில்லை. 1934க்குப் பின் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பட்டுக்கோட்டை வட்டாரத்துக்கு வரும் முன், ஏரியையும் மழையையும் நம்பிப் பயிரிட்ட காலத்துச் சொற்களைக் கேட்டறிந்தவர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. நம் பிள்ளைகள் வீட்டுச் சொல்லை வகுப்பில் சொன்னால் கொச்சை என்று திருத்தப்படுவதும் உண்டு. திருந்திய தமிழைக் கற்பிப்பது ஆசிரியர் கடமைதான். ஆயினும் வீட்டுச் சொல்லுக்கு வெட்கப்படக் கற்பிப்பது கல்வியாகாது. ஆயிரம் ஆண்டு உழைப்பில் விளைந்த சொல் அது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அடித்த கஜா புயலை நாம் மறக்க முடியாது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அக்கூரைகளின் கீழ் இருந்த பள்ளிச் சான்றிதழும், பழைய நிழற்படமும், கூத்துப் பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகமும் நனைந்து கூழாயின. வீட்டை மீண்டும் கட்டலாம். அத்தாளை மீண்டும் எழுத, அதனை எழுதியவர் இல்லை. கந்தப்பனார் காலத்துக் கரையானும் நம் காலத்துப் புயலும் செய்யும் வேலை ஒன்றே.

ஆதலின் இளைஞர்க்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். உங்கள் கையில் கைப்பேசி உள்ளது. அதனை எடுத்துக்கொண்டு தெருவின் மூத்தோரிடம் செல்லுங்கள். அப்பத்தாவும் அம்மாச்சியும் பாடுவதை அவர்கள் ஒப்புதலோடு பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், அகவை, பதிந்த நாள் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். ஒரு பிரதியைப் பாடியவர் குடும்பத்திற்கே கொடுங்கள். ஒன்றைச் சங்கத்தில் வையுங்கள். ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். புயல் ஓர் ஊரை அழித்தாலும் மற்றோர் ஊரில் ஏடு பிழைக்கும். நாளை ஓர் ஆய்வாளர் நம்மைத் தேடி வந்தால் மகிழ்ந்து வரவேற்போம். ஆனால் அவர் நூலின் முகப்பில் நம் பாட்டியார் பெயரும் இடம்பெற வேண்டும் என்று கேட்கும் துணிவும் நமக்கு வேண்டும்.

கந்தப்பனார் காத்தார், பெயர் பெறவில்லை. அயோத்திதாசர் காத்தார், எழுதினார், தம் அச்சில் தம் பெயரோடு வெளியிட்டார். அவ்விருவரின் வழியில் வந்த நாம் காக்கவும் எழுதவும் கடமைப்பட்டவர்கள். இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே சங்கத்தின் நூலறையில் இதற்கென ஓர் அலமாரி ஒதுக்கப்படுமாயின், அதுவே பண்டிதர்க்கு நாம் எடுக்கும் மணிமண்டபம் ஆகும்.

வாழ்க அயோத்திதாசப் பண்டிதர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!